சனிக்கிழமை நாற்காலி

உட்கார்ந்த மறுகணமே எழுந்துவிட வேண்டும் என்று தோன்றுவது சென்றாயனுக்கு இன்று நேற்று வந்த பழக்கமில்லை. இருபத்தொன்பது வருஷம் பேருந்தில் நின்றே பிழைத்த உடம்பு. கண்டக்டருக்கென்று பின்படிக்கட்டை ஒட்டி ஒரு சீட்டு உண்டுதான். ஆனால் அதில் எப்போதும் யாராவது கைக்குழந்தைக்காரி உட்கார்ந்திருப்பாள், இவர் கம்பியில் இடுப்பை அண்டக் கொடுத்து நின்றுகொள்வார். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் டீ குடிப்பதுகூட நிலைப்படியில் சாய்ந்து நின்றுதான். அப்படிப்பட்டவர் இன்று ராகுகாலம் கழிந்ததிலிருந்து திண்டுக்கல்லில் அமானுல்லா பாயின் நாற்காலிக் கடையில் ஒவ்வொரு நாற்காலியாக உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறார். "சாஞ்சு உட்காருங்கண்ணே, கடிக்காது" என்று பாய் கல்லாவிலிருந்து சொன்னார். சாய்ந்தார். முதுகுக்குப் பின்னால் வலை மாதிரி ஒன்று அமுங்கிக் கொடுத்தது. கூட்ட நேரத்தில் பின்னாலிருந்து அழுத்தும் கைகளைப்போல இருந்தது, "உள்ள போ, உள்ள போ" என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. நின்றே வாழ்ந்தவனை நாற்காலி பார்க்க அனுப்பினால் இப்படித்தான். மாப்பிள்ளை வந்து பார்த்திருக்கலாம். ஆனால் மாப்பிள்ளை ஒரு போட்டோவை அனுப்பி "இது நல்லாருக்கும் மாமா" என்பார், அவருக்கு எல்லாமே போட்டோதான். போட்டோவில் எப்படி உட்கார்ந்து பார்ப்பது? அதுவுமில்லாமல், உட்காருகிறவர்களை இவரளவுக்குப் பார்த்த ஆள் வேறு யார்? திண்டுக்கல்லில் ஏறும்போது நிமிர்ந்து உட்காருகிறவன் ஒட்டன்சத்திரம் தாண்டுவதற்குள் முன்னுக்குச் சரிவான், தாராபுரத்தில் ஒரு பக்கத்து இடுப்பைத் தூக்கிக்கொள்வான், பல்லடம் வரும்போது முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை முட்டுக் கொடுத்துவிடுவான். சீட்டெல்லாம் ஒரே அளவு, ஆள்தான் வேறு வேறு அளவு. குட்டையானவர்களுக்குச் சீட்டின் விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் அறுக்கும், பாதம் தரையில் படாமல் தொங்கும், தொங்கினால் மரத்துப்போகும், வீங்கும். மகள் சுகந்தி குட்டை. இவர் தோளுக்கு வருவாள். போன வாரமே சொன்னாள், செருப்பு நுழைய மாட்டேங்குதுப்பா என்று.

நாளை விடிகாலை அவள் வருகிறாள். ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்த கையோடு அழைத்து வந்திருக்க வேண்டியது, ஆபீசில் ஒரு வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டாள். தலைப்பிரசவத்துக்குப் பெண் அம்மா வீட்டுக்கு வருகிறாள் என்று எதிர்வீட்டில் சொன்னபோது இவருக்கு அந்தச் சொல்லிலேயே கால் இடறியது. தலைப்பிரசவம்தானா? போன வருஷத்தது பிரசவமில்லை. பிரசவமில்லை என்றால் அது என்ன? அதற்கு ஒரு பேரும் இல்லை. பேர் இல்லாததை எந்த வரிசையில் வைப்பது? சரி, அதை விடு. திங்கட்கிழமை காலையிலிருந்து வத்தலக்குண்டு வீட்டில், ஜன்னலோரத்து மேஜையில் கம்ப்யூட்டரை வைத்து வேலை பார்க்கப் போகிறாள். நாள் நெருங்கும்வரை லீவு எடுக்க மாட்டாளாம், அத்தனை லீவையும் பிற்பாடு சேர்த்து எடுத்துக்கொள்வாளாம். காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை. வீட்டில் இருப்பது இரண்டு ஸ்டூல், ஒரு மடக்கு நாற்காலி. மடக்கு நாற்காலி என்றைக்கு மடங்கும் என்று அதற்கே தெரியாது. அவ்வளவு நேரமும் அவள் எதன்மேல் உட்காரப் போகிறாள் என்பதை இவர் இன்று தீர்மானித்தாக வேண்டும். அவள் மட்டுமா உட்காரப் போகிறாள் என்று மனசு ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தது. இவர் பிடித்து இழுத்துக்கொண்டார். எண்ணக் கூடாது. ஏறி உட்காருவதற்கு முன்னால் எண்ணுவதில்லை. போன வருஷம் எண்ணினோம்.

போன வருஷம் கோயம்புத்தூரில் அவர்களுடைய வாடகை வீட்டுக்குப் போயிருந்தபோது அந்த நாற்காலியைப் பார்த்தார். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, கல்யாண மண்டபத்தில் அடுக்கி வைப்பார்களே, அது. ஒரு கால் தேய்ந்து ஆட, அதற்கடியில் அட்டையை மடித்து வைத்திருந்தாள். முதுகுக்கு ஒரு தலையணை, அது நழுவி நழுவி இடுப்புக்கு வரும், இவள் ஒரு கையால் அதை மேலே இழுத்துவிட்டுக்கொண்டே இன்னொரு கையால் தட்டிக்கொண்டிருப்பாள். பார்க்கச் சகிக்காமல், "ஏம்மா, இதுலயா நாள் முழுக்க உட்கார்ற?" என்று கேட்டார். "பழகிருச்சுப்பா." நாற்காலிக்குப் பழகிய உடம்பு. ஐந்தாம் மாதம் முடியப்போகிற ஒரு செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை போன் செய்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த டாக்டரம்மா வந்து நின்றார்கள், சின்ன வயசு. "காரணம்னு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க, சில சமயம் இப்படி ஆயிடுது" என்றார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். இவர் ஆட்டவில்லை. கூச்சத்தை விட்டு, டாக்டரம்மா திரும்பி நடந்த பிறகு பின்னாலேயே போய், "அம்மா, அது ஒரு பிளாஸ்டிக் சேர்ல..." என்று ஆரம்பித்தார். "அய்யா, உட்கார்ந்ததால எல்லாம் இல்ல. உங்க பொண்ணு செஞ்ச தப்பு எதுவுமே இல்ல" என்று நின்று நிதானமாகத்தான் சொன்னார்கள். நல்லவர்கள். ஆனால் காரணம் இல்லை என்றால் எப்படி இல்லாமல் போகும்? பேருந்தில் எண்ணும்போது ஒரு தலை குறைந்தால் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி மறுபடி எண்ணுவார். டிரைவர் திட்டுவான், பயணிகள் முணுமுணுப்பார்கள், எண்ணுவார். குறைந்த தலைக்கு ஒரு காரணம் இருக்கும். ஒட்டன்சத்திரத்தில் டீக்கு இறங்கி ஏறாமல் விட்டிருப்பார், இல்லையென்றால் சீட்டுக்கடியில் குனிந்து செருப்புத் தேடிக்கொண்டிருப்பார். எங்கேயாவது இருப்பார். காரணமே இல்லாமல் ஒரு தலை குறைந்ததாக அத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட இல்லை. அதனால்தான் அந்த நாற்காலியை விட முடியவில்லை. டாக்டரம்மா அதை ஒரு பேச்சில் தூக்கி எறிந்துவிட்டார்கள், இவர் போய் எடுத்து வந்து மனசின் நடுவில் போட்டுக்கொண்டார். நாற்காலி சரியாக இருந்தால் இந்தத் தடவை எல்லாம் சரியாக இருக்கும். அப்படி இல்லை என்று தெரியும். தெரிந்தும், நாற்காலி தப்பாக வாய்த்துவிட்டால் என்று நினைக்கும்போது உள்ளங்கை வேர்க்கிறது.

வேர்த்த கையில் போன் அதிர்ந்தது. மனைவி பொன்னுத்தாய். "எங்க இருக்கீங்க?" "கடையில." "என்ன கடையில?" மளிகைக் கடை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தார், பொய் அவருக்குச் சரளமாக வராது. "நாற்காலிக் கடையிலதான்." அந்தப் பக்கம் தாளிக்கிற சத்தம் மட்டும் கேட்டது, அடுப்பை அணைத்துவிட்டுத்தான் பேசினாள். "இன்னைக்கு என்ன கிழமை?" "சும்மா பாக்கத்தான் வந்தேன்." "வியாழக்கிழமை போனீங்க, வெறுங்கையோட வந்தீங்க. நேத்து வெள்ளிக்கிழமை, எவ்வளவு நல்ல நாளு, அன்னைக்கும் கைய வீசிட்டு வந்தீங்க. இன்னைக்குச் சனிக்கிழமை பாத்து வீட்டுக்கு இரும்பு தூக்கிட்டு வாங்க. ஏங்க, புள்ளத்தாச்சி வர்ற வீடுங்க." "இரும்பு எங்க இருக்கு, எல்லாம் பிளாஸ்டிக்குதான்." "பிளாஸ்டிக்குலதான போன தடவ..." என்று ஆரம்பித்தவள் அதே இடத்தில் நிறுத்திக்கொண்டாள். இவளும் அந்த நாற்காலியைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள், இத்தனை நாளும் வாயைத் திறக்காமல். ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே நாற்காலியைத் தனித்தனியாகச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறோம். "அட்வான்சும் குடுத்துறாதீங்க. காசு கை மாறிட்டா வாங்குன மாதிரிதான். திங்கக்கிழமை பாத்துக்கலாம்" என்று தணிந்த குரலில் சொல்லி வைத்துவிட்டாள். நாளை ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, திங்கட்கிழமை காலையில் சுகந்தி வேலைக்கு உட்கார்ந்துவிடுவாள், அதை யார் இவளிடம் சொல்வது? வியாழக்கிழமை சும்மாவா வெறுங்கையோடு திரும்பினார்? மெத்தை வைத்த நாற்காலியைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார், விரலை எடுத்த பிறகும் குழி எழும்பவில்லை. எழும்பாத பஞ்சு இரண்டு மாதத்தில் பலகையாகிவிடும். வெள்ளிக்கிழமை பாய்தான் சொன்னார், நாளைக்குக் காலையில் புதுச் சரக்கு இறங்குகிறது, பொறுங்கள் என்று. பொறுத்ததில் சனிக்கிழமை வந்துவிட்டது. இவருக்குச் சனிக்கிழமை, இரும்பு, இதிலெல்லாம் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. அத்தனை சனிக்கிழமையும் இரும்பு வண்டியில்தானே போனார். ஆனால் வண்டியை இவர் வாங்கவில்லையே. நம்பிக்கை இல்லை என்று சொல்வது மற்ற விஷயங்களுக்குச் சரி. இதில் போய் எனக்கு நம்பிக்கை இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்று, பிறகு ஏதாவது ஒன்று...

வலை முதுகு நாற்காலியை விட்டு எழுந்து, குனிந்து, அதன் கால்களை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். மொத் என்றது. பிளாஸ்டிக்தான். இன்னொரு காலைத் தட்டினார். கல்லாவிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. "சனிக்கிழமையாண்ணே?" என்று பாய் எழுந்து வந்தார். தொந்தியும் வெள்ளைத் தொப்பியுமாக, சரக்கைப்பற்றிப் பேசும்போது மட்டும் குரலைத் தாழ்த்துகிற மனிதர். "சனிக்கிழமையில கடைக்கு வர்ற பாதிப் பேரு கதவைத் தட்டுற மாதிரி சேரைத் தட்டுறாங்க. எதுக்குத் தட்டணும்? இந்தாங்க" என்று மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு வட்டக் காந்தத்தை எடுத்துக் கொடுத்தார், பழைய ஸ்பீக்கரில் கழற்றியது. இவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை. வாங்கி ஐந்து காலிலும் வைத்தார், ஒட்டவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ லேசாகத் தளர்ந்தது. கால்களின் நடுவே நிற்கும் தண்டில் வைத்தார், டக் என்று கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் ஒட்டிக்கொண்டது. "அதுக்குள்ளதாண்ணே காத்து இருக்கு, ஏத்தி இறக்குறது அதுதான். இரும்பு இல்லாம அது ஆகாது." சீட்டுக்கு அடியில், டக். கைப்பிடியின் திருகில், டக். உலகத்தில் இவ்வளவு இரும்பு ஒளிந்துகொண்டிருக்கிறது என்பது காந்தம் கையில் வந்த பிறகுதான் தெரிகிறது. "இரும்பே இல்லாத உட்காருற சாமான் வேணும்னா கோரைப்பாய்தாண்ணே. அது நம்மகிட்ட இல்ல" என்றார் பாய். இவரும் சிரித்தார், சிரிக்க வேண்டுமே என்று. பிறகு அந்த நாற்காலியில் மறுபடி உட்கார்ந்து இடுப்பை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார். கிறீச் என்றது. பிளாஸ்டிக் காலில் சன்னமான ஒரு நெளிவு. இன்றைக்கு நெளிவது என்றைக்கு ஒடியும்? உட்காரும்போதா, எழும்போதா? இதைச் சனிக்கிழமைக்காக வாங்கிக்கொண்டு போய், செவ்வாய்க்கிழமை அது... செவ்வாய்க்கிழமை என்ற சொல் வந்ததும் எழுந்துவிட்டார்.

மூன்றாவதாக நின்றது இன்று காலை இறங்கிய சரக்கில் ஒன்று. ஒன்றுதான். ஏதோ கம்பெனிக்குச் செய்ததில் மிஞ்சியது என்றார் பாய். அடர்பச்சைத் துணி போர்த்த அகலமான சீட்டு. தோல்மாதிரிச் சீட்டு வேர்வையில் ஒட்டும், ஒரு கோடை தாண்டினால் பொருக்கு விடும். துணி மூச்சு விடும். கட்டைவிரலால் அமுக்கி எடுத்தார், விரலைத் துரத்திக்கொண்டு பஞ்சு மேலே வந்தது. முன்விளிம்பு நேராக வெட்டுப்பட்டு நிற்காமல் வாழையிலை நுனிபோலக் கீழ்நோக்கி மடங்கியிருந்தது, முழங்காலுக்குப் பின்னால் அறுக்காது. முதுகில் இடுப்புக்கு நேராக ஒரு மேடு, ஏற்றி இறக்கிக்கொள்ளலாம், நழுவாது, தலையணையை இழுத்துவிட வேண்டியதில்லை. உட்கார்ந்து பக்கத்துப் பிடியை இழுத்ததும் பெருமூச்சு விட்டபடி கீழே இறங்கியது. இறங்கி நின்ற உயரத்தில் இவர் முழங்கால் மேலே குத்திட்டு நின்றது. அப்படியென்றால் அவள் பாதம் தரையில் முழுசாகப் படியும். சீட்டு விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவில் விரல்களை விட்டுப் பார்த்தார், நான்கு விரல் தாராளமாகப் போனது. அவளுக்கு இரண்டு விரல் போகும், போதும். கால்? தட்டவே வேண்டியதில்லை, ஐந்தும் பளபளவென்று இரும்பு. காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோவதற்கு முன்பே அது கையை இழுத்தது. அவ்வளவு நல்ல நாற்காலிக்கு அவ்வளவு இரும்பு.

ஆனால் இது தனி ஆள் உட்காருகிற மாதிரி உட்கார்ந்து பார்த்தது. அவள் அப்படியா உட்காருவாள்? மேஜைக்கும் உடம்புக்கும் நடுவே இப்போது எவ்வளவு இடம் வேண்டுமோ. பாய் பின்பக்கம் ஏதோ பெட்டியைப் பிரிக்கப் போயிருந்தார். சென்றாயன் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து அதில் மஞ்சள்பையைச் சுருட்டி வைத்து உருட்டி மடியில், வயிற்றை ஒட்டி வைத்துக்கொண்டார். ஒரு கையால் அதை அணைத்துப் பிடித்தபடி நாற்காலியை மேஜைக்கு நகர்த்தினார். கை எட்டியது. சாய்ந்தார், முதுகு தாங்கியது. எழுந்திருக்கப் பார்த்தார். இதுதான் முக்கியம், எழுவது. ஒரு கை வயிற்றுக்குப் போய்விட்டால் எழ ஒரு கைதான் மிச்சம், அந்த ஒரு கைக்குக் கைப்பிடி பிடி கொடுக்க வேண்டும். கொடுத்தது. மறுபடி உட்காரப் போனபோது நாற்காலி பின்னுக்கு நழுவியது. சக்கரம்! வீட்டில் போட்டிருப்பது வழுவழுப்பான டைல்ஸ். அவள் பார்க்காமல் உட்காருவாள், இது ஓடிவிடும். "பாய்! பாய்!" என்று கத்திவிட்டார். ஓடி வந்த பாய் இவருடைய வயிற்றையும் துண்டையும் அணைத்துப் பிடித்திருந்த கையையும் பார்த்தார். பார்த்துவிட்டு, எதையும் பார்க்காததுபோல நாற்காலியைக் கவிழ்த்து, "சக்கரத்தை உருவிட்டு ரப்பர்க் குமிழ் போட்டுத் தர்றேண்ணே. இருந்த இடத்துல ஆணி அடிச்ச மாதிரி நிக்கும்" என்றார். "எங்க வீட்டுல மருமகளுக்கும் அப்படித்தான் போட்டேன்." அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இவர் கடையை விட்டே போயிருப்பார்.

பாய் நிமிர்த்தி வைத்த நாற்காலியில் துண்டைப் பிரிக்காமலே மறுபடி உட்கார்ந்திருந்தார். பேருந்தில் பிள்ளைத்தாச்சி ஏறினால் இவருக்கு எப்போதும் பதற்றம்தான். பின்சக்கரத்துக்கு மேலே உட்காரவே விடமாட்டார், "நடுவுல வாம்மா, நடுவுல" என்று சொல்லி இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் சீட்டில் உட்கார்ந்திருப்பவரை எழுப்பிவிட்டு உட்கார வைப்பார். வேகத்தடை வரப்போகிறது என்றால் முன்கூட்டியே இழுத்து ஒரு விசில், டிரைவர் பரமனுக்கு அந்த விசிலின் அர்த்தம் தெரியும், வண்டியைப் பூப்போல ஏற்றி இறக்குவான். எத்தனை பேரை அப்படிக் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பார். ஒருத்திக்காவது நல்லபடியாகப் பிறந்ததா என்று இவருக்குத் தெரியாது. ஸ்டாப் வந்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவார்கள், கூட்டத்தில் மறைவார்கள், இரட்டை விசில் கொடுத்துவிடுவார், வண்டி போய்விடும். இறங்கினவர்கள் இறங்கினவர்கள்தான். இப்போது நினைத்தால் அத்தனை பேரையும் ஒருமுறை போய்க் கேட்டுவிட்டு வர வேண்டும் போலிருக்கிறது. எல்லோருக்கும் நல்லபடியாகப் பிறந்தது என்று அவர்கள் சொன்னால் இவர் கொஞ்சம் சாய்ந்து உட்காருவார்.

"இது என்ன பாய், புதுசா?" என்று குரல் கேட்டு எழுந்தார். உயரமான ஆள், பையில் இரண்டு பேனா, காதில் போன். பாய் அவரை, "வாங்க சார், ஆடிட்டர் ஆபீசுக்குத்தான?" என்று வரவேற்றார். இவர் எழுந்த அந்த இடைவெளியில் அந்த ஆள் பச்சை நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். சாய்ந்து, ஒரு சுற்றுச் சுற்றி, காலை நீட்டி, "சூப்பரா இருக்கே" என்றார். இவருக்குத் தன் மகளின் மடியிலேயே யாரோ ஏறி உட்கார்ந்துவிட்டதுபோல உடம்பு கூசியது. எழுந்திருங்கள் என்று சொல்ல வேண்டும். காக்கிச் சட்டை இருந்தவரைக்கும் யாரையும் எழுப்பலாம். சட்டையைக் கழற்றின பிறகு ஹோட்டலில் தண்ணீர் கேட்பதற்குக்கூட இவருக்கு நாக்கு எழுவதில்லை. என்ன உரிமையில் சொல்வது? காசு கொடுத்தாரா? இல்லை. கொடுக்கவும் கூடாது. வாங்காமல் வைத்துக்கொள்ள வேண்டும், அதற்கு என்ன வழி? அந்த நேரம் பார்த்து சுகந்தி போனில் கூப்பிட்டாள். "அப்பா, அம்மா சொல்லுச்சு, மூணு நாளா கடைக்கு நடையா நடக்குறீங்களாம். எனக்குச் சேர் பாக்குறீங்களா, மாப்பிள்ளை பாக்குறீங்களா? மாப்பிள்ளையவே ஒரே நாள்ல முடிச்சுட்டீங்களேப்பா." சிரிப்பு. அந்தச் சிரிப்பில் மூச்சு வாங்கியது. "ஏம்மா மூச்சு வாங்குது?" "மாடி ஏறி வந்தேன்பா. எல்லாத்துக்கும் பயந்தா எப்படி? எந்தச் சேரா இருந்தாலும் பரவால்ல, தலகாணி வச்சுக்கிறேன்." தலையணை! "தலகாணி வேண்டாம்" என்றார். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டார் போலிருக்கிறது. "அப்பா" என்றாள் பிறகு, வேறு குரலில். "நான் நல்லாத்தான் இருக்கேன். காலையிலருந்து உள்ள ஒரே உதை. சும்மாவே இருக்க மாட்டேங்குது." "சரி, வச்சிர்றேன்" என்றார்.

"பில் போடுங்க பாய், ஆட்டோவுல ஏத்திட்டுப் போயிர்றேன்" என்று அந்த ஆள் எழுந்து கல்லாப் பக்கம் போனார். பாய் இவரைப் பார்த்தார். "அண்ணே, உங்களுக்கு எப்படி? காசு குடுத்துட்டீங்கன்னா..." காசு கை மாறக் கூடாது. பாயின் பார்வை இவர்மேல் ஒரு நொடிதான் நிற்கும், வியாபாரம் வியாபாரம்தானே, அதற்குப் பிறகு பில் புத்தகத்துக்குப் போய்விடும். சென்றாயனின் கை தானாக வயிற்றோடு அணைத்திருந்த சுருட்டை அவிழ்த்தது, மஞ்சள்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டது, துண்டை ஒரு உதறு உதறி விரித்து, பச்சை நாற்காலியின்மேல் போட்டது. போட்ட பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்குத் தெரிந்தது. பேருந்து நிலையத்துக்குள் வண்டி திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டு பறக்கும், கைக்குட்டை பறக்கும், பள்ளிக்கூடப் பை பறக்கும், ஒருமுறை ஒரு பலாப்பழம்கூட வந்து விழுந்தது. அத்தனையையும் எடுத்துக் கம்பியில் தொங்கவிட்டு, நிற்கிறவர்களை உட்கார வைத்த கண்டக்டர் இவர். "துண்டு போட்டா சீட்டு உனக்காயிருமா? ஆள் எங்க?" என்பார். ஜன்னலுக்கு வெளியே நின்று அவர்கள் கெஞ்சுவார்கள். ஒருநாளும் இரங்கினதில்லை. ஏறி வந்து உட்கார்ந்தவர்களுக்குத்தான் சீட்டு.

"என்னங்க இது?" என்று அந்த ஆள் துண்டையும் இவரையும் பார்த்தார். "துண்டு போட்டா சேர் உங்களுதாயிருமா?"

"ஆள் வருதுங்க" என்றார் சென்றாயன்.

"எங்க ஆள்?"

"வந்துக்கிட்டு இருக்கு."

"எப்ப வரும்?"

"நாளைக்கு..." என்று ஆரம்பித்து, அது முழு உண்மையில்லை என்று பட்டது. "கொஞ்ச நாளாகும்."

அந்த ஆள் பாயைப் பார்த்துக் கைவிரித்தார். "என்ன பாய் உங்க கடை, டவுன் பஸ்ஸா? ஒரு ஆள் உட்கார்றதுக்கு இவ்வளவு அலப்பறையா?"

"ஒண்ணு இல்லைங்க" என்றார் சென்றாயன். "ரெண்டு."

சொல்லிவிட்டார். இத்தனை மாதமாக மனசுக்குள்கூட எண்ணாமல் பொத்தி வைத்திருந்தது, கடை நடுவில், முன்பின் தெரியாத ஆளிடம், சனிக்கிழமை அதுவுமாக வாய்விட்டு எண்ணிச் சொல்லியாகிவிட்டது. ஏதாவது விழும், போன் அடிக்கும் என்று காத்துக்கொண்டு நின்றார். போன் அடிக்கவில்லை. மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே ஏதோ வண்டி இரட்டை விசில் வாங்கிக்கொண்டு நகர்ந்தது. பாய் பில் புத்தகத்தை மூடினார். "விடுங்க சார், அவரு சீட்டு போட்டுட்டாரு. உங்களுக்கு வேற காட்டுறேன், அந்தப் பக்கம் வாங்க" என்று அந்த ஆளைத் தோளில் கைபோட்டு அழைத்துக்கொண்டு போனவர், திரும்பி, "நாளைக்குக் கடை லீவுண்ணே. நான் மாடியிலதான் இருப்பேன். கீழ இருந்து ஒரு சத்தம் குடுங்க, குமிழ் மாட்டி வச்சிருக்கேன்" என்றார். சென்றாயன் தலையாட்டினார். வாசல்வரை போனார். பேருந்துக்கு நேரமாகிவிட்டது. திரும்பிப் பார்த்தபோது காற்றாடிக் காற்றில் துண்டின் ஒரு முனை எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருந்தது. மறுபடி உள்ளே வந்தார். துண்டை இழுத்துச் சரிசெய்து, நான்கு முனைகளையும் சீட்டுக்கும் கைப்பிடிக்கும் நடுவே ஆழமாகச் செருகி, நடுவில் உள்ளங்கையை வைத்து மெதுவாக அமுக்கிப் பார்த்தார். கையை எடுத்ததும் பஞ்சு மேலே வந்தது.